பேனா முள்ளின் அகலமும் வர்ண மையின் தோற்றமும்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் இருப்புப் பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. அங்கு இறங்குவோரின் கண்ணில் முதலில் படுவன, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகளேயாம். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அதற்குள் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது.

இத்தகைய ஆழத்தில் வழிகாட்டுவது அளவையாளரின் வரைபடமே. கோலாரில் பொன் தாங்கிய படிகக்கல் நாளம் ஆழம் செல்லச் செல்ல ஏறக்குறையச் செங்குத்தாக நிமிர்ந்தது. ஆகவே, மேலிருந்து நோக்குமாறு படம் வரையின், ஒரு மட்டத்தின் குடைவழி மற்றொரு மட்டத்தின் குடைவழிமேல் வந்து விழும். இவ்வாறு நெருங்கும் கோடுகளை வெவ்வேறு நிற மைகளால் பிரித்துக் காட்டுவது சுரங்க அளவையில் நெடுங்கால வழக்கம். பகலொளியில் வரையப்பட்ட தாள், பூமிக்கடியில் விளக்கொளியில் விரிக்கப்படும். அங்கு நீலக் கோட்டைக் கறுப்பென்றோ பச்சையென்றோ கொள்பவர், ஒரு மட்டத்தை மற்றொரு மட்டமாகக் கொண்டுவிடுவார். புட்டியில் தெளிவாயிருந்த நிறம் தாளில் ஏன் மயங்குகிறது? விடையின் பெரும்பகுதி கோட்டின் அகலத்தில் அடங்கியுள்ளது.

ஊற்றுப் பேனாவின் முள்ளைத் தங்கத்தால் செய்தமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடுக்காய்ச் சாற்றையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை அமிலத்தன்மை உடையது. அது எஃகை அரிக்கும், தங்கத்தை அரிக்காது. கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது முள்ளின் நுனியில் பற்றவைக்கப்பட்ட ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகக் கலவையின் சிறு மணி. அதனை எவ்வளவு அகலமாகச் சாணை பிடிக்கின்றனரோ, கோடு ஏறக்குறைய அவ்வளவே அகலமாகும். மெல்லிய முள் சுமார் அரை மில்லிமீட்டரும், அகன்ற முள் சுமார் 1 மில்லிமீட்டரும் எழுதும். மட்டமான தாளில் மை பரவி இக்கணக்கைக் குலைப்பதுண்டு.

அகன்ற முள் வழியே சாதாரணமாக மையும் மிகுதியாக இறங்குகிறது. ஒளி மைப்படலத்தின் ஊடே சென்று, வெண்டாளில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் ஊடே வெளிவருகிறது. ஒரு படலம் ஏதேனும் ஒரு நிற ஒளியில் பாதியை விடுமானால், அதே கனமுள்ள இரண்டு படலங்கள் கால் பங்கையே விடும். எனவே கோட்டின் தொடக்கத்திலும் வளைவிலும் மை தேங்கிய இடம் கருத்தும், விரைந்து ஓடிய இடம் வெளிறியும் தோன்றும். ஆரஞ்சு மை தேங்கிய இடத்தில் சிவப்பை நாடும். மெல்லிய படலம் ஓரளவு விட்டுவைத்த பச்சை ஒளியைத் தடித்த படலம் பெரிதும் விழுங்கிவிடுவதே காரணம். மெல்லிய கோட்டில் இந்த நிழலாட்டத்திற்கு இடமில்லை. அதனால் அது அழகு குன்றியதாயினும், வரைபடத்திற்கு அதுவே ஏற்றது எனலாம்.

எனினும் முக்கியமான காரணம் மையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. விழித்திரையின் கூம்பு உயிரணுக்கள் மூவகைப்படும். அவற்றுள் நீலத்தை உணர்பவை பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு; பார்வையின் நடுமையத்தில் அவை அறவே இல்லை. மிகச் சிறிய பொருள்களைப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் மயங்குவதையும், மஞ்சள் வெண்மையில் கரைவதையும் வில்மர், ரைட் ஆகியோர் 1945இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர்க் கோடு சுமார் 11 கலை அகலமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கலை என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர்க் கோடு 6 கலைக்கும் குறைவு. அதே கோட்டை வகுப்பின் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் மாணவனுக்கு 1 கலைகூட எஞ்சாது. அப்போது சிவப்பும் தன் நிறத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். ஆனால் கடைசிவரை தாக்குப்பிடிப்பவற்றுள் சிவப்பும் ஒன்று. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையையே எடுப்பதற்கு இதுவும் துணைநிற்கிறது.

இழைவிளக்கின் ஒளியில் நீலக்கூறு குறைவு. ஆதலால் அங்கு நீல மை மேலும் கருக்கும். மஞ்சள் மை தாளோடு தாளாகிவிடும்.

இதனைப் பள்ளியில் எளிதாகச் செய்து காட்டலாம். ஒரே வெண்டாளில் நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் மைகளால் மெல்லிய முள்ளிலும் அகன்ற முள்ளிலும் கோடுகள் இழுத்துத் தாளைச் சுவரில் ஒட்டுக. மாணவர் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி, எந்தக் கோட்டின் நிறம் எத்தனையாவது அடியில் மறைகிறது எனக் குறித்துக்கொள்ளட்டும். சன்னலை மூடி, இழைவிளக்கை ஏற்றி மறுமுறை செய்தால் வரிசை மாறுவதைக் காணலாம்.

களப்பணியாளர் குறிப்பேட்டில் மெல்லிய கோடுகளுக்குக் கறுப்பையும் சிவப்பையும் வைத்துக்கொள்வது நலம். நீலமும் பச்சையும் அருகருகே வரவேண்டுமாயின் அவற்றை அகன்ற முள்ளால் வரைக. இயலாதாயின் ஒன்றைப் புள்ளிக்கோடாக்குக. நிறப்பார்வைக் குறையுள்ளவர் அத்தாளை எடுக்க நேர்ந்தாலும் புள்ளிக்கோடு அவருக்குத் தெரியும்.