எதிர்த் தெருவில் கிளினிக் திறக்கக் கூடாதா?

மார்ச் 31 நெருங்குகிறது. தனியார் மருத்துவமனைகளில் பலருடைய ஒப்பந்தம் அன்றோடு முடிந்து மறுநாள் புதுப்பிக்கப்படும். டாக்டர்களும் நர்ஸ்களும் எழுதியிருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஷரத்தைப் பற்றியவை: வேலையை விட்ட பிறகு இவ்வளவு காலத்துக்கு, இத்தனை கிலோமீட்டருக்குள் வேறெங்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது.

நோயாளிகளின் தொடர் சிகிச்சையைக் காக்கும் ஏற்பாடு என்கிறது நிர்வாகம். நோயாளி தன் டாக்டரைத் தேடிப் போய்விடாமல் தடுப்பதற்குப் பெயர் தொடர் சிகிச்சையாம்.

அந்த ஷரத்துக்கு இந்தியாவில் உயிரில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. தூரமும் காலமும் நியாயமானவையா என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் எடைபோடும். விலகிய பிறகான தடைக்கு இங்கே அந்தச் சோதனையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. மருத்துவமனை வக்கீல்களுக்கும் இது தெரியும். மிரட்டிப் பார்க்க எழுதிவைக்கிறார்கள்.

பல்லுள்ள ஷரத்து அதற்கு மேலே, யாரும் நின்று படிக்காத இடத்தில் இருக்கிறது: ‘மூன்று ஆண்டுகள் பணிபுரிய வேண்டும், அக்காலத்தில் வேறெங்கும் பணிபுரியக் கூடாது.’ 27-ஆம் பிரிவு தடுப்பது ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகான தடையை. காலத்துக்குள்ளேயே விலகினால்? 1967-இல் செஞ்சுரி நூற்பாலை வழக்கில் இதுதான் கேள்வி. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்துப் போட்டி நிறுவனத்துக்குப் போன ஊழியரை, மீதிக் காலத்துக்கு அங்கே வேலை பார்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதாவது, ஒருவரைப் பழைய இடத்திலேயே வேலை செய் என்று கோர்ட் கட்டாயப்படுத்தாது. புது இடத்தில் செய்யாதே என்று சொல்ல முடியும். சாமர்த்தியமான வழி. ஒப்பந்தக் காலத்தை நீட்டிவிட்டால் தடையும் கூடவே நீள்கிறது.

ஆனால் அந்த வழக்கில் காக்க வேண்டிய தொழில் ரகசியம் இருந்தது. டயர் கார்டு தயாரிப்பு நுட்பத்தை வெளிநாட்டு நிறுவனம் ரகசிய நிபந்தனையோடு கொடுத்திருந்தது. கண்புரை அறுவை சிகிச்சையில் மருத்துவமனைக்குச் சொந்தமான ரகசியம் என்ன? கைத்திறன் டாக்டருடையது. ஒருதலைப்பட்சமான, மிகக் கடுமையான ஒப்பந்தம் என்றால் நிலைமை வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

2025 மே மாதத்து விஜயா வங்கித் தீர்ப்பை இப்போது எச்.ஆர். அதிகாரிகள் மேற்கோள் காட்டுகிறார்களாம். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, போட்டித் தேர்வு நடத்தித்தான் ஆளெடுக்க முடியும், ஒருவர் விலகினால் அத்தனையும் மறுபடி செலவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது. போனில் கூப்பிட்டு மறுநாளே டியூட்டியில் போட்ட நர்ஸிடம் அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவார்கள்?

மற்றவை சுருக்கமாக:

பாண்டில் எழுதிய தொகை முழுவதையும் கட்ட வேண்டுமா? 74-ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்பு. கோர்ட் தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே.

அசல் சான்றிதழைக் கேட்டால்? நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் போன் நம்பர் பட்டியலை எடுத்துப் போகலாமா? கூடாது; அவர்களாகத் தேடி வந்தால் வைத்தியம் பாருங்கள்.

சம்பளமில்லை, கன்சல்டன்ட் கட்டணம்தான்? 27-ஆம் பிரிவு எல்லோருக்கும் பொது.

சொந்த கிளினிக்கை நற்பெயரோடு ஒரு குழுமத்துக்கு விற்றவரா? அதே பிரிவு உங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது: நியாயமான எல்லைக்குள் எழுதிய தடை செல்லும். கையெழுத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள்.