மரமஞ்சளும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. பெனிசிலின் ஒரு பூஞ்சையிலிருந்தும், ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்தும் கிடைத்தவை. அவ்வழியில் புதிய மருந்துகள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், ஆய்வாளர் பலரின் பார்வை மூலிகைகளின் பக்கம் திரும்பியுள்ளது. இடம்விட்டு நகர இயலாத தாவரங்கள் வேதிப்பொருள்களைக் கொண்டே கிருமிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வதால், இந்த எதிர்பார்ப்பு நியாயமானதே.

ஆய்வின் முதல் படி சாரத்தைப் பிரித்தெடுப்பது. உலர்த்திப் பொடித்த இலையையோ பட்டையையோ நீர், எத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் எஞ்சுவதே சாரம். ஒவ்வொரு கரைப்பானும் தாவரத்திலிருந்து வெவ்வேறு பொருள்களை இழுத்து வருவதால், ஒரே மூலிகை ஓர் ஆய்வகத்தில் பலன் தந்தும் மற்றொன்றில் தராமலும் போகலாம். சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைக் கண்டறியும் முயற்சியில், கொதிக்கவைப்பதைக் கைவிட்டுக் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்த பின்னரே வெற்றி கண்டார்.

அடுத்து, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 15 கோடி பாக்டீரியாக்கள் உள்ள கலவை, அகார் என்னும் கூழ்போன்ற ஊட்டப்பொருள் நிரப்பிய தட்டின் மேல் சீராகத் தடவப்படுகிறது. அதன்மேல் சாரத்தில் நனைத்த சிறு காகித வில்லை வைக்கப்படுகிறது. உடல் வெப்பத்தையொத்த சூட்டில் ஓர் இரவு கழிந்ததும், வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தென்பட்டால் அதன் விட்டம் அளக்கப்படுகிறது. மூலிகை ஆய்வுகளில் எண்ணற்றவை இந்த வளையத்தோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது. ஏனெனில் வளையத்தின் அளவு சாரத்தின் வீரியத்தை மட்டுமன்றி, அது அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. நீரில் கரையாத வீரியமான பொருள் சிறு வளையத்தையும், எளிதில் பரவும் வீரியம் குன்றிய பொருள் பெரிய வளையத்தையும் தரக்கூடும்.

ஆகவே, பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த அளவைக் கண்டறிவது இன்றியமையாதது. சாரத்தைப் படிப்படியாகப் பாதியாக நீர்த்துச் செய்யும் இச்சோதனையின் விடை, குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு எனப்படும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் தேவை என்று விடை வந்தால், ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ள ஒருவரின் இரத்தத்தில் மட்டுமே 50 கிராம் சாரம் கலந்திருக்க வேண்டும் என்று பொருள், அது நடக்கக்கூடியதன்று.

இத்தகைய சோதனையில் தனித்து நிற்கும்போது தோற்கும் பொருள், கூட்டாகச் சேரும்போது வெல்வதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும், அளவுக்கு மீறிய சேகரிப்பால் அருகிவிட்ட மரமஞ்சள் கொடிக்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின் என்னும் பொருள். சீழ்க்கட்டிகளுக்குக் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் மீது அதன் ஆற்றல் குறைவு. உள்ளே நுழையும் பெர்பெரினை அந்தப் பாக்டீரியா தன் உறையிலுள்ள நார்-ஏ என்னும் புரதப் பம்பின் வழியாக வெளியே தள்ளிவிடுவதே காரணம். பெர்பெரின் கொண்ட பெர்பெரிஸ் இனத்து அமெரிக்கச் செடிகளின் இலைகளில், இந்தப் பம்பை அடைத்துவிடும் மற்றொரு பொருளும் இருப்பதை ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு 2000ஆம் ஆண்டில் காட்டியது. அப்பொருள் தனியாக எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. வில்லைச் சோதனையில் அது பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் பெர்பெரினோடு சேர்ந்தால் பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் தரும் நார்ஃப்ளாக்சசின் மாத்திரையையும் அதே பம்புதான் வெளியேற்றுகிறது என்பதால், பழைய மருந்துகளுக்கு மீண்டும் வலிமையூட்டும் துணைப்பொருள்களைத் தாவரங்களில் தேடும் முயற்சிக்கு இக்கண்டுபிடிப்பு வலுவூட்டியது. மூலிகை ஆய்வில் இன்று மிகுந்த நம்பிக்கை தருவது இந்தத் திசையே.

இருப்பினும், கிருமிக்குக் கேடு செய்யும் பொருள் மனிதச் செல்களுக்குத் தீங்கற்றது என்று காட்டுவது தனிப் பெரும்பணி. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைத்து, இரத்தக் கொதிப்புக்கு மருந்தாகப் பயன்பட்ட ரிசர்பின், நார்-ஏ பம்பையும் அடைக்க வல்லது. ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு மனித நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகும். மேலும், க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால், பெரும்பாலான தாவரப் பொருள்களால் உள்ளே நுழையவே முடிவதில்லை.

பாக்டீரியாவின் வெளியேற்றும் பம்பை அடைப்பதற்கென ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இன்னும் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. எனவே, ஆய்வகத் தட்டில் ஒரு மூலிகை கிருமியைக் கொன்றது என்ற செய்தியை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை எவரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.