மதியம் ஆனால் வைஃபை மக்கர் பண்ணுவது ஏன் தெரியுமா?

விண்வெளி மர்மம் என்று வானியலாளர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சிக்னல், கடைசியில் சமையலறையிலிருந்து வந்தது என்பது தெரியுமா?

நடந்தது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில். 64 மீட்டர் விட்டமுள்ள ராட்சதத் தட்டு! 1969-இல் நிலவில் மனிதர் நடந்த காட்சியை வாங்கி உலகத்துக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு இதற்கு உண்டு. அந்தத் தட்டில் 1998 முதல் அவ்வப்போது, கால் விநாடி அளவுக்கு, ஒரு விசித்திரத் துடிப்பு வந்து விழுந்தது. கூடுதல் அதிர்வெண் முன்னே, குறைந்த அதிர்வெண் பின்னே. வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் ரேடியோ வெடிப்பு எப்படி வருமோ, அச்சு அசல் அப்படியே! 'பெரிட்டான்' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. நிஜமான விண்வெளி வெடிப்புகளும் இதே ரகம்தானோ என்று சந்தேகம் கிளம்பும் அளவுக்குக் குழப்பம்.

துப்பு எதில் கிடைத்தது தெரியுமா? கடிகாரத்தில்! வந்த துடிப்புகளை நேரவாரியாக வரைபடத்தில் அடுக்கினால், எல்லாமே அலுவலக நேரத்துக்குள். பெரும்பாலும் வார நாட்கள். அதிலும் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு குவியல்! விண்மீன்களுக்கு ஏது மதிய இடைவேளை? ஆராய்ச்சி மாணவி எமிலி பெட்ராஃபும் அவர் குழுவினரும் 2015-இல் ஆளைப் பிடித்தே விட்டார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு! அது ஓடி முடியும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறக்க, அடுப்பு அணைகிற அந்தக் கண்ணிமைக்கும் பொழுதில் கசிந்த அலைதான் இத்தனை ஆட்டம் காட்டியிருக்கிறது. புதிதாகப் பொருத்திய கண்காணிப்புக் கருவியில், அதே நொடியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பலமான சிக்னல் பதிவாகியிருந்ததுதான் சாட்சி.

2.4 என்றதும் பொறி தட்டுகிறதா? நம் வீட்டு வைஃபை ஓடுகிற அதே அலைவரிசை!

ஆகவே அந்த அடுப்பு நம் வீட்டிலும் கைவரிசை காட்டும். அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 'வாட்டர்ஃபால்' என்றொரு படம் உண்டு. குறுக்கே அதிர்வெண், மேலிருந்து கீழே நேரம், சிக்னலின் பலம் நிறமாக. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடுப்பு ஓடினால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாளத்துக்கே 10 மில்லிவிநாடி கத்தும், 10 மில்லிவிநாடி ஓயும். மறுபடி கத்தும்! நுணுக்கமாக விரித்துப் பார்த்தால் அது சீரான வரிவரியாகத் தெரியும். இந்தக் கோலம் யார் போட்டது என்று பழகிய பொறியாளர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

மேஜைமேல் இருக்கும் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே அளந்து வெளியிட்டது தெரியுமா? வரைபடத்தின் அடித்தளமே 20 டெசிபல் வரை மேலேறுகிறது. அதாவது 100 மடங்கு!

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆச்சரியம். சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும், வேகம் மட்டும் தரையில் கிடக்கும். ஏன்? பிரான்ஸின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-இல் விடை சொன்னார்கள். தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு கணினி 1 மெகாபிட் வேகத்தில் தவழ்ந்தால் போதும், பக்கத்தில் 11 மெகாபிட்டில் ஓட வேண்டிய கணினிகளும் 1 மெகாபிட்டுக்குக் கீழே விழுந்துவிடும்! வைஃபையில் எல்லாருக்கும் பேச ஒரே அளவு வாய்ப்பு. ஆனால் மெதுவாகப் பேசுபவர் ஒரு பொட்டலத்தைச் சொல்லி முடிக்கப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார். மற்றவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். சிக்னல் பலத்தை எத்தனை அழகாக வரைந்தாலும் இது தெரியாது. காற்றில் யார் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வரையுங்கள், ஒரே ஒரு பட்டை மட்டும் ஓங்கி நிற்கும்! எதை வரைகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. சராசரியை வரைபவர்களுக்குக் கோளாறு கடைசிவரை அகப்படாது.

சுவிட்சர்லாந்துக்காரர் டோபியாஸ் ஓட்டிகர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவர் உருவாக்கிய 'ஸ்மோக்பிங்' போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் 'பிங்' என்ற குட்டிச் செய்திகளை அடுத்தடுத்துப் பல அனுப்பி, நடுமதிப்பைக் கோடாகவும், மற்றவை சிதறுவதை அதைச் சுற்றிய புகையாகவும் வரையும். கோடு சமர்த்தாக இருக்கும்போதே புகை மண்டினால் வீடியோ அழைப்பு திக்கித் திணறப்போகிறது என்று பொருள்!

வைஃபையை விசித்திரமான வழிகளில் அளந்தவர்களும் உண்டு. 2011-இல் நார்வேயின் ஆஸ்லோ நகரத் தெருக்களில் மூன்று வடிவமைப்பாளர்கள் 80 விளக்குகள் பதித்த 4 மீட்டர் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு இரவில் நடந்தார்கள். வைஃபை பலமான இடத்தில் விளக்குகள் உயர எரியும், பலவீனமான இடத்தில் தாழும். கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுத்தால், தெருவில் ஒளியாலான மலைத்தொடர்! 2012-இல் போயிங் நிறுவனம் விமான இருக்கைகளில் பயணிகளுக்குப் பதிலாகச் சுமார் 9,000 கிலோ உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாக உட்கார வைத்து சிக்னலை அளந்தது. வைஃபை அலையை மனித உடல் எப்படி உறிஞ்சுமோ, உருளைக்கிழங்கும் ஏறக்குறைய அப்படியே உறிஞ்சும்!

வைஃபையே வில்லனாகும் படமும் உண்டு, தெரியுமா? வைஃபை 5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும்; அங்கே அதற்கு வானிலை ரேடார்கள் அண்டை வீட்டுக்காரர்கள். 2009-இல் புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில் குறுக்கீடு தென்பட்டது. இப்படிப்பட்ட குறுக்கீடு மழைப்படத்தில் மேகமாகத் தெரியாது. நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக நீளும் ஒரு கீற்றாகத் தெரியும். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தத் திசையிலேயே தேடிப் போகலாம்! உயரமான இடங்களில் இணைய நிறுவனங்கள் வைத்திருந்த ஒயர்லெஸ் கருவிகள்தான் காரணம் என்று தெரிந்து, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பிற்பாடு அபராதமும் போட்டது. நம் ரவுட்டர் ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களுக்குள் நுழையுமுன் குறைந்தது 60 விநாடி வாய் திறக்காமல், பக்கத்தில் ரேடார் ஏதும் இருக்கிறதா என்று உற்றுக் கேட்பது இதற்காகத்தான்!