அச்சேறாத பக்கங்களுக்கு யார் காவல்?

குடவாசலின் பழைய பெயர் குடவாயில். அந்த ஊர்ப் புலவர் குடவாயிற் கீரத்தனார் பாடிய புறநானூற்று 242ஆம் பாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே தொகுப்பின் 267, 268 இரண்டும் அடியோடு போய்விட்டன. ஓலை செல்லரிக்கும், யாராவது புது ஓலையில் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்தால்தான் நூல் பிழைக்கும். 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையருக்குக் கைகொடுத்தவை அந்தப் பிரதிகள்தாம்.

இணைய எழுத்துக்கு ஓலையின் ஆயுள்கூட இல்லை. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற தன் இணையப் பக்கச் சேவையை மூடியது. சாமானியர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்கள் அழியவிருந்த நிலையில், ஜேசன் ஸ்காட்டின் ‘ஆர்க்கைவ் டீம்’ தன்னார்வலர்கள் யார் அனுமதிக்கும் காத்திராமல் இயன்றவரை நகலெடுத்தார்கள். மறு ஆண்டு அதை யாரும் இறக்கிக்கொள்ளும்படி டோரண்டாக வெளியிட்டார்கள். கெடு நெருங்கிவிட்டது, எழுதியவர்களில் பலரைத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. நகலெடுத்தது சரிதான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துரு. பக்கத்தை எடுத்துவைத்து எழுத்துருவை விட்டுவிட்டால் திரையில் வருவது வெறும் கிறுக்கல். தளத்தை முழுதாக எடுப்பது பேராசை அல்ல.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காகப் படைப்பை மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. ஆனால் மின்வடிவமல்லாத பிரதி ஏற்கெனவே அந்த நூலகத்தில் இருக்க வேண்டும். இணையத்திலேயே பிறந்த பக்கத்துக்குத் தாள் பிரதி ஏது? சீக்கிரம் அழியக்கூடிய எழுத்தைத்தான் இந்தப் பிரிவு கைவிட்டிருக்கிறது.

2017 ஆகஸ்டில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. பழைய இணையப் பக்கங்களைக் காத்துவரும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’வும் அதில் சிக்கியது.

எடுத்துவைப்பது வேறு, ஊருக்கே திறந்துவிடுவது வேறு. இளவயதில் எழுதியதை இன்று ஒருவர் ‘நீக்குங்கள்’ என்று கேட்டால், பொதுப்பார்வையிலிருந்து விலக்குவதே முறை. சேமிக்கவும் வேண்டும், ஊருக்கே திறந்துவிடவும் கூடாது என்பதற்குப் பிரிட்டன் 2013இல் ஒரு வழி கண்டது: அந்நாட்டுத் தளங்களை அங்குள்ள தேசிய நூலகங்கள் கேட்காமலே சேமிக்கலாம், பெரும்பாலும் நூலகக் கணினியில்தான் படிக்க முடியும்.

நம்மிடமும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிப்பாளர்கள் தம் நூல்களில் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்புகிறார்கள். இணையத் தளங்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவற்றைச் சேமிக்கும் உரிமையை நூலகத்துக்குத் தர வேண்டும். நீக்கச் சொல்லி வருபவரின் மனுவை வாங்கிப் பார்க்க அங்கே ஓர் அதிகாரியும் வேண்டும்.