சரித்திர நாவலும் சமகால நாவலும்

நாவல்களைச் சரித்திர நாவல், சமகால நாவல் என இருவகையாகப் பகுத்தல் வழக்கம். முன்னது இறந்த காலத்தையும் பின்னது நிகழ்காலத்தையும் பொருளாகக் கொண்டது என்பர். அறுபது ஆண்டுகளாக நாவல் படித்துவரும் சாதாரண வாசகன் என்ற முறையில், இப்பகுப்பு எத்துணைப் பொருந்தும் என்பது பற்றி எனக்குத் தோன்றிய சிலவற்றை இங்கே கூற விழைகின்றேன்.

தமிழில் நாவல் என்னும் வடிவம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வாயிலாக 1879 இல் தோன்றியது. ஆறே ஆண்டுகளில், 1885 இல், கண்டிச் சித்திலெவ்வை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். தமிழின் முதற் சரித்திர நாவலெனக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895 இல் தந்தவரும் நம் நாட்டவரே. அவர் திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. ஆயினும், முன்னைய கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கின்றது. பின்னையது நாயக்கர் காலத் தஞ்சையையும் மதுரையையும் களமாகக் கொண்டது. ஈழத்து எழுத்தாளரின் கற்பனை தொடக்கத்தில் தம் மண்ணுக்குத் தொலைவிலேயே உலாவியது.

வாசகராகிய நாமும் அவ்வாறே உலாவினோம். என் மாணவப் பருவத்தில், வெள்ளவத்தையில் எங்கள் இல்லத்து அலுமாரியில், 'கல்கி' இதழினின்று கழற்றிக் கட்டிய 'பொன்னியின் செல்வன்' தொகுதிகள் இருந்தன. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அத்தொடர்கதையை, மணியத்தின் சித்திரங்களுடன், நான் எத்தனை முறை படித்தேனென்று கணக்கில்லை. வந்தியத்தேவன் கோடிக்கரையில் படகேறி இலங்கைக்கு வரும் பகுதி எனக்குப் பெரிதும் உவப்பானது. அநுராதபுரத்தில் புத்த பிக்குகள் அரசுரிமையை வழங்க முன்வருகின்றனர். இளவரசர் அருள்மொழிவர்மர் அதனை மறுத்துவிடுகின்றார். அக்காட்சியைப் படித்தபோதெல்லாம் என் நெஞ்சம் பூரித்தது.

பின்னர், பேராதனையில் பயின்ற காலத்தில், சிங்கள நண்பர் ஒருவரிடம் அக்காட்சியைப் பெருமையோடு எடுத்துரைத்தேன். அவர் புன்னகை செய்து, சூளவம்சத்தைப் படித்ததுண்டா என்று வினவினார். சோழர் படை விகாரைகளைச் சூறையாடிற்று என்பதே அந்நூல் கூறும் செய்தி. அன்றிரவு எனக்குத் துயில் வரவில்லை. கல்கி என்னை ஏமாற்றிவிட்டாரோ என்று எண்ணினேன். ஆண்டுகள் சென்றபின்பே தெளிவு பிறந்தது. இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், அறநெறியில் நிற்கும் ஆட்சியைக் கனவுகண்ட ஒருவர், அக்கனவைப் பத்தாம் நூற்றாண்டின் மீது ஏற்றி எழுதிய கதை அது. சோழர் காலத்தை அறிதற்குச் சாசனங்களையும் வரலாற்று நூல்களையுமே நாடவேண்டும். 1950களின் தமிழுள்ளம் எதனை விரும்பியது என்பதை அறிதற்கோ 'பொன்னியின் செல்வன்' தக்க சான்றாகும்.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. அதே கல்கி 1948-49 இல் எழுதிய 'அலையோசை' அன்று சமகால நாவல். பீகார் பூகம்பமும் இந்தியப் பிரிவினைக் கொடுமைகளும் அதனைப் படித்தவர்களின் நினைவில் ஆறாதிருந்தவை. இன்றைய மாணவனுக்கு அவை பாடநூற் செய்திகள். நம் நாட்டிலும், 1973 இல் பாலமனோகரன் 'நிலக்கிளி'யில் வன்னியின் தண்ணிமுறிப்பைத் தீட்டியபோது, அது அக்கால வாழ்வின் கதையாகவே இருந்தது. பிற்காலத்துப் போர் அம்மக்களை இடம்பெயரச் செய்தது. பதஞ்சலியும் கதிராமனும் நடந்த காட்டுப் பாதைகளை இன்று அந்நாவலிலே தேடவேண்டியவராயினோம். தாம் சரித்திரம் எழுதுவதாக அவ்வாசிரியர் எண்ணியிருக்கமாட்டார். தாம் அறிந்த வாழ்வை உண்மையாக எழுதினார். எஞ்சியதைக் காலம் செய்தது.

ஆகவே, இருவகை நாவலுக்கும் இடையேயுள்ள வேலி நிலையானதன்று. சரித்திர நாவல் தான் எழுதப்பட்ட காலத்தைத் தன்னையறியாமலே காட்டிக்கொடுக்கின்றது. நேர்மையான சமகால நாவலோ காலப்போக்கில் சரித்திரமாகின்றது. முன்னதைப் படிப்போர் வரலாற்று நூலையும் அருகில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னதை, இன்றைய செய்திதானே என்று ஒதுக்காதிருத்தல் நன்று.

1814 இல் 'வேவர்லி' என்னும் சரித்திர நாவலை வெளியிட்ட ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வால்ட்டர் ஸ்கொட், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கதை என்பதை அதன் தலைப்பிலேயே குறித்தார். அக்காலத்துக் கிளர்ச்சியிலே பங்குகொண்ட முதியோரிடம் கேட்ட செய்திகள் அவருக்குத் துணையாயின. அவ்வளவுகோலின்படி நோக்கின், என் பாடசாலை நாட்களே இன்று சரித்திர நாவலுக்குரிய பொருளாகிவிட்டன!

1983 ஜூலையில் எங்கள் வீட்டோடு அத்தொகுதிகளும் எரிந்தன. 'பொன்னியின் செல்வ'னை மறுபடியும் விலைகொடுத்து வாங்கினேன். ஆனால், அதனைச் சுற்றியிருந்து படித்த அயலவர்களின் வாழ்வை எக்கடையிலும் வாங்க முடியவில்லை. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வந்த ஆடிவேல் ஊர்வலமும், பொன்னம்பலவாணேசர் மணியோசையும் அந்தோனியார் கோயில் மணியோசையும் கலந்தொலித்த கொட்டாஞ்சேனை மாலைகளும், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மும்மொழியிலும் நடந்த சிறுவர் சண்டைகளும் முதியோர் சிலரின் நினைவிலேயே தங்கியுள்ளன. அவற்றைக் கூறும் நாவல்கள் எனக்கு இன்னும் போதவில்லை.

மாணவ நண்பர்களே, சோழ இளவரசரைப் படியுங்கள், விரும்பிப் படியுங்கள். படித்து முடித்தபின், உங்கள் பாட்டனாரிடம் சென்று, அவர் வாழ்ந்த ஒழுங்கையில் யார் யார் இருந்தனர் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.