வெயிலுக்குக் காட்டாத தண்ணீர்

கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு ஆனி, ஆடி மாதக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேல்காற்று, மழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு, இங்கே சாரலோடு நிறுத்திக்கொள்ளும். ஈரத்துணியை ஒரு மணி நேரத்தில் காய வைக்கிற அந்தக் காற்று, திறந்து கிடக்கும் தண்ணீரையும் அப்படியே எடுத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்ன அருவி வைக்க ஆசைப்படுகிறவர்கள், விழுந்த தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். தரைக்கு அடியில், ஜல்லிக்கு நடுவில் நிற்கட்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவின் அக்வாஸ்கேப் போன்ற நிறுவனங்கள் பரவலாக்கிய குளமில்லா அருவி, நம் பக்கத்து மண்ணுக்கும் காற்றுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. பொருந்த வைக்கச் சில கணக்குகளை மட்டும் ஒழுங்காகப் போட வேண்டும்.

அமைப்பு எளிமையானது. குழி வெட்டி, தண்ணீர் புகாத விரிப்பை உள்ளே விரித்து, அதை ஜல்லியால் நிரப்புகிறார்கள். ஜல்லிக்கு நடுவே சுற்றிலும் துளை போட்ட ஒரு டிரம்மை நட்டு, அதற்குள் பம்பை இறக்குகிறார்கள். பம்ப் தண்ணீரை மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏற்றுகிறது. அது கல் மேல் வழிந்து இறங்கி, ஜல்லிக்குள் மறைந்து, மறுபடி டிரம்முக்கு வருகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குக் குளமே கிடையாது. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்றெடுக்கிற நமக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. மணலுக்குள் ஒளிந்த தண்ணீரை வெயில் எளிதில் தொடாது. கென்யாவின் கிடுய், மச்சாகோஸ் பகுதிகளில் ஓடைகளின் குறுக்கே தடுப்புச்சுவர் கட்டி, மணலைத் தேக்கி, அந்த மணலுக்குள் குடிநீரைச் சேர்த்து வைப்பதும் இதே நம்பிக்கையில்தான். நீர்மட்டம் மணலுக்குள் இரண்டடி இறங்கிவிட்டால் ஆவியாவது மிகவும் குறைந்துவிடுகிறது.

எவ்வளவு மிச்சமாகும் என்று பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி திறந்த குளத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 55 லிட்டர் போய்விடும். மாதத்துக்கு 1,650 லிட்டர். குளமில்லா அருவியில் வெயில் படுவது பத்தடி நீளம், இரண்டடி அகலமுள்ள ஓடை மட்டும்தான். நாள் முழுக்க ஓட்டினால்கூட ஆவியாவது 11 லிட்டர். சிதறலையும் சேர்த்து 15 லிட்டர் என்று வைக்கலாம்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் குழியின் அளவுதான். ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டரையடி ஆழம் தோண்டினால் 1,700 லிட்டர் பிடிக்கும் என்று தோன்றும். ஜல்லி நிரப்பிய பிறகு தண்ணீருக்கு மிஞ்சுவது ஐந்தில் இரண்டு பங்கு இடம்தான், அதாவது 680 லிட்டர். பம்ப் ஓடும்போது ஓடையிலும் மேல்தொட்டியிலும் குழாயிலும் சேர்ந்து 200 லிட்டர் வரை மேலே நிற்கும். குழி சின்னதாக இருந்தால் ஓட்டியதும் பம்ப் காற்றை உறிஞ்சும். நிறுத்தியதும் மேலே நின்ற தண்ணீரெல்லாம் ஒரேயடியாக இறங்கி வழிந்து வாசலை நனைக்கும். மேலே ஓடுகிற தண்ணீரைப் போல இரண்டு, மூன்று மடங்கு கீழே பிடிக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். ஜல்லிக்குப் பதில் மழைநீர் சேகரிப்புக்கு விற்கும் பிளாஸ்டிக் கூடைப்பெட்டிகளை அடுக்கினால் அதே குழி இரண்டு மடங்குக்கு மேல் கொள்ளும். செலவு கூடத்தான். ஆனாலும் காசு போடுவதாக இருந்தால் மேலே அலங்காரக் கல்லுக்குப் போடுவதைவிட இதற்குப் போடுவதே சரி.

கல்லுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. சுற்றுவட்டாரக் குவாரிகளும் கிரஷர்களும் வெட்டித் தள்ளும் கருங்கல் இருக்க, ஆற்றுக் கூழாங்கல்லை வெளியூரிலிருந்து லாரியில் வரவழைப்பது ஆற்றுக்கும் கேடு, பணத்துக்கும் கேடு. ஒன்றரை இஞ்ச் ஜல்லி போதும். கிரஷர் தூசு போகக் கழுவி, கழுவிய தண்ணீர் தெளிந்த பிறகுதான் குழியில் கொட்ட வேண்டும். அந்தத் தூசைக் கழுவாமல் விட்டால் ஒரே வாரத்தில் சேறாகி பம்பின் வாயை அடைக்கும். மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைத் தவிர்ப்பது நல்லது. அது மெல்லக் கரைந்து, ஏற்கெனவே கடினமாக இருக்கும் நீரை இன்னும் கடினமாக்கும். கிரஷர் ஜல்லியின் முனை கத்தி போல் இருக்கும் என்பதால் விரிப்புக்கு மேலும் கீழும் ஜியோ டெக்ஸ்டைல் துணி வேண்டும். சாக்கு போட்டால் மக்கிவிடும். அசோலா தொட்டிக்கு விரிக்கும் சில்பாலின் மலிவு, ஆனால் மடிப்புகளில் கிழியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள ரப்பர் விரிப்பு, காய்ந்தால் வெடித்து நனைந்தால் உப்பும் கரிசல் மண்ணோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும்.

பம்பில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்வார்கள் என்று நினைக்கிறேன். காரணம், பம்ப் செய்து இந்தியா முழுக்க அனுப்பும் கோவைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். வீட்டில் சும்மா கிடக்கும் அரை ஹெச்.பி. பம்பை இறக்கிவிடலாம் என்று தோன்றும். அது கிணற்றுக்கும் மாடித் தொட்டிக்கும் செய்த பம்ப். பத்து, இருபது மீட்டர் ஏற்றுவதற்கானது. ஐந்தடி உயரத்துக்கு அதை ஓட்டினால் தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளி, கரண்ட் அதிகம் இழுத்து, மோட்டார் சூடாகும். இரண்டடி அகல அருவிக்கு மணிக்கு 9,600 லிட்டர் போதும். குழாய் உரசலையும் சேர்த்து இரண்டரை மீட்டர் ஏற்ற வேண்டும் என்றால், தண்ணீருக்குச் சேர வேண்டிய சக்தி 65 வாட் தான். தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்த பம்ப் 160 வாட்டில் இதை முடித்துவிடும், அரை ஹெச்.பி. பம்ப் 550 வாட்டாவது எடுக்கும். தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முதலாவது 58 யூனிட், இரண்டாவது 198 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பில்லிலேயே தெரியும். தோட்டத்து இலவச மின்சாரத்தில் கோத்துவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது பயிருக்குக் கொடுத்தது. பம்ப் லைனுக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்; ஈரக் கல்லில் குழந்தைகள் கை வைக்கும் இடம் இது.

உயரத்தைப் பொறுத்தவரை ஆசையை அடக்கத்தான் வேண்டும். ஐந்தடியிலிருந்து ஒரே பாய்ச்சலாக விழும் தண்ணீரை ஆடிக்காற்று பக்கத்து வீட்டு மதில்வரை கொண்டுபோகும். ஒவ்வோர் அடியாகப் படிவைத்து, கல்லை ஒட்டி வழியவிட்டு, மேற்கே ஒரு சுவரோ அடர்ந்த செடி வேலியோ இருந்தால் சிதறல் பாதியாவது குறையும். ஆழியாற்றுக் குரங்கு அருவியும் பாறையை ஒட்டித்தானே இறங்குகிறது!

ஆயிரம் அடி போர்வெல் போட்டும் தண்ணீர் வராத ஊர்களுக்கு நடுவில் அருவி ஒரு கேடா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போர்வெல் தண்ணீரில் நிரப்புவதாக இருந்தால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே வைத்தாலும், வீணாவது போக 44,000 லிட்டர் பிடிக்கலாம். அருவிக்கு ஆண்டு முழுக்கத் தேவை 5,500 லிட்டருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பல வீடுகளில் பேருக்கு ஒரு குழாயோடு நின்றுபோன அந்த ஏற்பாடு, கண் முன்னால் தண்ணீர் ஓட வேண்டும் என்ற ஆசையாலாவது சுத்தமாக வைக்கப்படும் என்றால் அதுவும் லாபம்தான். கொசு வராதா என்பது அடுத்த கேள்வி. ஓடுகிற தண்ணீரில் முட்டையிடாது. ஆனால் ஜல்லிக்குள் நிற்பது நின்ற தண்ணீர்தான், அதில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனும் விட முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தினமும் ஓட்ட வேண்டும், டிரம் மூடிக்குக் கீழே வலை கட்ட வேண்டும், ஊருக்குப் போவதாக இருந்தால் இறைத்து வற்ற வைத்துவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் அருவி வைக்காமல் இருப்பதே நல்லது. குழந்தை தவறி விழும் ஆழம் எங்கும் இல்லை என்பது திறந்த குளத்துக்கு வாய்க்காத வசதி. விரற்கடை ஆழத்தில் ஓடும் நீருக்கு மைனாவும் கொண்டைக்குருவியும் தேடி வரும்.

பராமரிப்பு வேலை குறைவுதான், ஆனால் விட்டுவிட முடியாது. வேப்பிலையும் தென்னை நாரும் சேர்ந்து டிரம்மின் துளைகளை அடைப்பதால் வாரம் ஒருமுறை கையால் வாரி எடுக்க வேண்டும். பாசிக்கு மருந்து தேடுவதைவிட ஓரத்தில் கல்வாழை, வசம்பு, சேம்பு வைத்தால் பாசிக்குப் போகும் சத்தை அவை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்துகொண்டே போனால் விரிப்பு கிழிந்துவிட்டது என்று பதறித் தோண்டக் கூடாது. பம்பை ஒருநாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் மட்டம் இறங்கினால் குழியில் கோளாறு. நின்றுவிட்டால் ஓடையின் ஓரத்தில், மண் அமுங்கியோ கல் நகர்ந்தோ விரிப்பின் கரை தாழ்ந்திருக்கும். கரையை மடித்துத் தூக்கி வைத்தால் தீரும். பெரும்பாலான கசிவு இந்த இரண்டாவது வகைதான்.

உப்புதான் ஓசையில்லாமல் சேரும். ஆவியாகிற நீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீரைத் தினமும் 15 லிட்டர் சேர்த்துக்கொண்டே வந்தால், சிதறலில் போவதைக் கழித்தாலும் ஆண்டு முடிவில் கிலோ கணக்கில் உப்பு அந்தக் குழியில் இருக்கும். கல் மேல் படியும் வெள்ளைத் தோல் அதுதான். பம்பின் இறக்கையிலும் அதுதான் படிகிறது. புரட்டாசியில் குழியை இறைத்து, டிரம்மைத் தேய்த்துக் கழுவி, ஐப்பசி மழையில் புதிதாக நிரப்பிவிட்டால் பிரச்சினை வளராது. இறைத்த தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். பங்குனி, சித்திரையில் சேமித்த மழைநீர் தீர்ந்துபோனால் பம்பை எடுத்துக் காயவைத்து உள்ளே வைத்துவிடலாம். லாரித் தண்ணீர் வாங்கி ஓட்ட வேண்டிய அருவி அடுத்த மழைவரை கல்லாகவே கிடக்கட்டும்.