வீங்கிய கையும் சீனத்து ஊசியும்

சிவகாசி என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தீபாவளி ஞாபகம் வந்துவிடுகிறது. சரவெடியைக் கொளுத்திவிட்டுக் காதைப் பொத்திக் கொண்டு ஓடும் பிள்ளை, அந்தச் சரத்தைப் பின்னிய கை யாருடையது என்று கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. வானம் பார்த்த அந்தக் கரிசல் சீமையில் சரம் பின்னுவதும், திரி வைப்பதும், தீப்பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் ஸ்திரீகளின் கைகளே. முடித்த எண்ணிக்கைக்குத்தான் அநேகமாகக் கூலி. ஆகவே, கை ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்தது என்றே வைத்துக் கொள்ளலாம்.

அப்படிப்பட்ட கை ஒன்று வீங்கிவிடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மார்பில் புற்றுநோய் கண்டவர்களுக்கு ரண சிகிச்சை செய்யும்போது, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சில சமயம் எடுத்துவிட நேரிடுகிறது. கையிலிருந்து திரும்பும் நிணநீருக்கு அதுதான் மடை. மடை அடைபட்டால் நீர் தேங்காமல் என்ன செய்யும்? கும்பகோணம் பக்கத்தில் யானைக்கால் கண்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கொசு கொண்டு வந்த புழு செய்த காரியத்தை இங்கே உயிர் காத்த சிகிச்சையே செய்துவிடுகிறது. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் ஐவரில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. சிலருக்குச் சில மாதங்களில். சிலருக்கு வருஷங்கள் கழித்து. வளையல் இறுகுவதுதான் முதல் சேதி. “உயிர் பிழைத்ததே பெரிது, கை வீங்கினால் என்ன?” என்று வீட்டார் சொல்வதுண்டு. பின்னிய சரம் குறைந்து கூலி குறையும்போதுதான் என்ன என்பது தெரிகிறது.

இதற்கு அக்குபங்சர் என்னும் சீனத்து ஊசி வைத்தியம் கைகண்டது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அவ்வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த கதை ரஸமானது. 1938-ல், ஜப்பானியர் படையெடுப்பால் சீன தேசம் தத்தளித்தபோது, நமது காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பிற்று. அவர்களில் கோட்னிஸ் 1942-ல் அந்த மண்ணிலேயே உயிர் நீத்தார். திரும்பி வந்த பி. கே. பாசு பிற்பாடு சீனாவில் ஊசி வைத்தியம் பயின்று, 1959-ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும் அதே கல்கத்தாவில்தான்!

கதை ரஸமாயிருந்தால் மருந்து பலிக்கும் என்று சொல்ல முடியுமா? நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியார் இதைப் பரீட்சித்தார்கள். 2013-ல் வெளியான ஒரு சோதனையில் 33 பேரில் 11 பேருக்கு வீக்கம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒப்பிட வேறு கோஷ்டி இல்லை. தனியாக ஓடுகிறவன் பந்தயத்தில் முதலில் வருவது அதிசயமல்லவே! 2018-ல் 82 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வாரம் இரு முறை, ஆறு வாரம் ஊசி குத்தினார்கள். கெடுதல் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. வீக்கத்திலோ, இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமும் இல்லை.

ஊசியைத் தூஷிப்பது நமது நோக்கமல்ல. ஆனால் அதை நம்பிக் கட்டுத் துணியைக் கழற்றி எறிவதுதான் ஆபத்து. இறுக்கமான கட்டு அல்லது கையுறை போன்ற அழுத்த உறை, பழகினவர்கள் மெதுவாக நீவிவிடுதல், பயிற்சி, தோலைப் பேணுதல் — இவையே டாக்டர்கள் கையாளும் முறை. சிவகாசி வெயிலில் நாள் முழுவதும் உறை மாட்டியிருப்பது இலகுவான காரியமா என்றால், இல்லைதான். மற்றொரு சேதி ஆறுதலானது. “குடம்கூடத் தூக்காதே” என்று முன்பு பயமுறுத்தினார்கள். அமெரிக்காவில் வீக்கம் கண்ட 141 பெண்களைக் கொண்டு நடத்தி 2009-ல் வெளியான சோதனையில், மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. உபத்திரவம் திடீரென்று முற்றுவதும் குறைந்தது.

மருந்தும் காகிதமும் புழங்கும் இடத்தில் சிறு கீறலும் சுடுபுண்ணும் சகஜம். அந்தக் கையில் அவை சகஜமல்ல. சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தையல் நாடாவால் மாதம் ஒரு முறை இரு கைகளையும் ஒரே இடத்தில் அளந்து, காலண்டரில் குறித்து வைத்தால், வளையல் இறுகுவதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்துவிடும்.